தீவில் வளரும் பிள்ளைகளுக்குக் கடலைக் கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் சாங்கிக் கடற்கரைக்கும் பாசிர் ரிஸ் சதுப்புநிலத்துக்கும் தமிழ்க் குடும்பங்களை அழைத்துச் செல்லும் தொண்டூழியன் நான். பெற்றோரும் தமிழாசிரியர்களும், சில சமயம் பிள்ளைகளும், என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் கரையில் நின்றபடி அவசரமாகப் பதில் சொல்வதைவிட, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து நிதானமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பிற்பகுதியிலும் உள்ளன.

"கடல் பாதுகாப்புன்னா குப்பை பொறுக்குறதுதானே? அதுக்கு எதுக்கு இவ்வளவு ஏற்பாடு?"

குப்பை பொறுக்குவது அதில் ஒரு பகுதிதான். நம் பிள்ளைகள் தீவில் பிறந்து தீவிலேயே வளர்கிறார்கள். ஆனாலும் அவர்களில் பலருக்குக் கடல் என்பது விமான நிலையத்துக்குச் செல்லும் வழியில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் நீலக் கோடு மட்டுமே. அந்த நீருக்கு அடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாத பிள்ளையிடம் பிளாஸ்டிக் போத்தலை எடு என்று சொன்னால் எடுக்கும். ஏன் எடுத்தோம் என்பது வீடு திரும்புவதற்குள் மறந்துவிடும்.

ஒரே கரைக்கு, ஆண்டில் ஆறேழு முறையாவது, அதே பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள் என்பதே நான் எல்லாரிடமும் வலியுறுத்துவது. பத்து இடங்களை ஒருமுறை பார்ப்பதைவிட ஓர் இடத்தைப் பத்து முறை பார்ப்பது மேலானது. முதலில் அறிமுகம், பிறகு அக்கறை, அதற்குப் பிறகுதான் பாதுகாப்பு. கீழே சொல்லியிருக்கும் செயல்கள் எல்லாம் இந்த வரிசையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை.

"எத்தனை வயசுல ஆரம்பிக்கலாம்?"

மூன்று வயதுப் பிள்ளைக்கு மணல் போதும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை, பெரியவர் ஒருவரின் கைப்பிடியில், நீர் வற்றிய கரைக்குள் நடத்திச் செல்லலாம். எண்ணுவது, அளப்பது, குறிப்பெடுப்பது போன்ற செயல்களுக்குத் தொடக்கநிலை 3 நல்ல பருவம். பள்ளியில் அறிவியல் பாடம் தொடங்குவதும் உயிரினங்களை வகைப்படுத்திப் பார்ப்பதும் அப்போதுதான்.

"பக்கத்துல எங்கே போறது? எல்லாத்துக்கும் படகு ஏறணுமா?"

வேண்டியதில்லை. பாசிர் ரிஸ் பூங்காவில் சதுப்புநிலத்துக்குள் பலகைப் பாதை அமைத்திருக்கிறார்கள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டே நடக்கலாம். சாங்கிக் கடற்கரையில் மணலும் கடற்புல்லும் உண்டு. 2002இல் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சுங்கை பூலோவில் சேற்றின்மேல் துள்ளி நடக்கும் மீன்களையும் உடும்புகளையும், அதிர்ஷ்டம் இருந்தால் முதலையையும், பாதையில் நின்றபடியே பார்க்கலாம்.

படகு ஏறுவதும் பெரிய வேலையில்லை. சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் புலாவ் உபினுக்குப் படகு கிளம்பிவிடும். தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவாவைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். செயிண்ட் ஜான்ஸ் தீவுக்கு மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செல்ல வேண்டும். ஆனால் முதல் ஓராண்டுக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போய்ச் சேரக்கூடிய கரையைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி போவதற்கு அதுதான் வசதி.

"போன மாசம் போனோம், வெறும் தண்ணிதான் இருந்துச்சு. நீங்க சொல்ற நண்டு, நட்சத்திர மீன் எல்லாம் எங்கே?"

நீங்கள் கடல் ஏறியிருந்த நேரத்தில் சென்றிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி இதற்கு மிகவும் உதவும். அமாவாசை, பௌர்ணமி ஆகியவற்றை ஒட்டிய நாட்களில்தான் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். அந்த நாட்களைக் குறித்துக்கொண்டு, ஏற்றவற்ற அட்டவணையில் நீர்மட்டம் 0.3 மீட்டருக்கோ அதற்குக் கீழோ இறங்கும் நேரத்தைப் பிள்ளையையே தேடச் சொல்லுங்கள். ஆண்டின் நடுப்பகுதியில் இந்த ஆழ்ந்த வற்றம் பெரும்பாலும் விடியற்காலையில் வருவதால், ஜூன் விடுமுறையில் ஐந்து மணிக்கே எழ வேண்டியிருக்கும். பிள்ளைகள் முணுமுணுக்காமல் எழுகிறார்கள் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வற்றத்தையே ஒரு பாடமாக ஆக்கலாம். பழைய துடைப்பக் கம்பு ஒன்றில் 10 செ.மீ.க்கு ஒரு பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் பூசி, நீர் விளிம்பில் ஊன்றி, கால் மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறிக்கச் செய்யுங்கள். வற்றத்தின் அடியில் கடல் ஏறக்குறைய அசையாமல் நிற்பதையும், பிறகு மெல்லத் தொடங்கி வேகம் பிடிப்பதையும் பிள்ளை தன் கையால் வரைந்த கோட்டிலேயே காணும். கடல் திரும்பும்போது நாம் ஏன் உடனே கரையேறுகிறோம் என்பதையும் அதற்குப் பிறகு விளக்க வேண்டியிருக்காது.

"சிலிப்பர் போட்டுக்கிட்டு வரலாமா? வேற என்ன எடுத்துக்கணும்?"

சிலிப்பர் கூடாது. பாதத்தை முழுவதும் மூடும் பழைய காலணி கட்டாயம் வேண்டும். நம் கரைகளில் கல்மீன் என்றொரு மீன் பாறைத் துண்டுபோலவே அசையாமல் கிடக்கும்; அதன் முதுகு முள்ளில் கடுமையான நஞ்சு உண்டு. திருக்கை மீனும் மணலுக்குள் புதைந்திருக்கும். ஆகவே காலை அழுத்தி வைக்காமல் தேய்த்தபடி நடக்கப் பழக்குங்கள். முள் தைத்தால் சுட்டுவிடாத அளவு வெந்நீரில் காலை வைத்தபடி உடனே மருத்துவ உதவி நாட வேண்டும். அவசர எண் 995 என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

குடிநீர், தொப்பி, நீளக் கைச்சட்டை, ஒரு குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும். வாளியும் வலையும் வேண்டாம். இடிச்சத்தம் கேட்டால் எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் திரும்பிவிடுங்கள். திறந்த கரையில் மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை.

"வாளியும் வேணாம் வலையும் வேணாம்னா, பிள்ளை சும்மா பார்த்துக்கிட்டு நிக்கணுமா? அஞ்சு நிமிஷத்துல போரடிச்சுடும்."

கையில் வேலை கொடுத்தால் போரடிக்காது. நான் வழக்கமாகத் தொடங்குவது மணல் உருண்டை நண்டுகளிடமிருந்துதான். நீர் பின்வாங்கிய ஈர மணலில் கடுகு, மிளகு அளவில் ஆயிரக்கணக்கான உருண்டைகள், ஒரு சிறு துளையைச் சுற்றிக் கதிர்கள்போல் பரவிக் கிடப்பதைக் காணலாம். அருகில் போனால் எதுவும் அசையாது. அங்கேயே குந்தி, நிழல் துளையின்மேல் விழாமல், வாயை மூடி, இருநூறு எண்ணச் சொல்லுங்கள். நூற்றைம்பதுக்குள் ஒரு நண்டு எட்டிப் பார்க்கும். சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்காது. இரண்டு கொடுக்குகளாலும் மாறி மாறி மணலை வாய்க்கு அள்ளும். மணலில் ஒட்டியிருக்கும் நுண்ணிய உணவை மட்டும் சலித்து உண்டுவிட்டு, மிஞ்சியதை உருண்டையாக்கி வாயின் மேற்புறத்தில் திரட்டி, ஒரு காலால் கிள்ளிப் பின்னால் தள்ளிவிடும். சலித்த மணலை மறுபடியும் சலிக்காமல் இருக்க அது கண்ட வழி இந்த உருண்டை. நீர் ஏறியதும் உருண்டைகள் யாவும் கரைந்துவிடும். அடுத்த வற்றத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

அடுத்தது சட்டம் வைத்து எண்ணுவது. மெல்லிய பிவிசி குழாய்களை இணைத்து 50 செ.மீ.க்கு 50 செ.மீ. அளவில் ஒரு சதுரச் சட்டம் செய்து, குறுக்கும் நெடுக்கும் 10 செ.மீ.க்கு ஒரு நூல் கட்டினால் 25 கட்டங்கள் கிடைக்கும். அதைக் கடற்புல்லின்மேல் மெதுவாக வைத்து, எத்தனை கட்டங்களில் புல் இருக்கிறது, எத்தனையில் வெறும் மணல், எத்தனை துளைகள் என்று எண்ணி எழுத வேண்டும். கடல் உயிரியல் ஆய்வாளர்களும் இதே முறையைத்தான் கையாள்கிறார்கள். அடுத்த மாதம் அதே மரத்திலிருந்து அதே எண்ணிக்கை அடிகள் நடந்து அதே இடத்தில் சட்டத்தை வையுங்கள். எண் மாறியிருந்தால் பிள்ளை தானாகவே ஏன் என்று கேட்கும்.

"அங்கிள், நட்சத்திர மீனைத் தொட்டா அதுக்கு வலிக்குமா?"

இதைக் கேட்டது ஆறு வயதுச் சிறுமி. கண்ணா, நமக்கு இருப்பதுபோன்ற மூளை அதற்கு இல்லை; ஆனால் வாயைச் சுற்றி வளையம்போல் ஒரு நரம்பும், ஒவ்வொரு கைக்குள்ளும் ஒரு நரம்பும் ஓடுகின்றன. நீ தொட்டால் அதற்குத் தெரியும். அதன் அடிப்பக்கத்தில் நூற்றுக்கணக்கான குழாய்க் கால்கள் மணலைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெடுக்கென்று தூக்கினால் அவை அறுபடலாம். நீரிலிருந்து வெளியே எடுத்தால் மூச்சுவிடவும் அதற்குச் சிரமம்.

பெற்றோருக்கு ஒரு சொல். தொண்டூழியத்தின் தொடக்கத்தில், எல்லாப் பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கட்டும் என்று ஒரு நட்சத்திர மீனைத் தூக்கிப் பன்னிரண்டு கைகளுக்கு மாற்றியிருக்கிறேன். திரும்ப மணலில் வைத்தபோது அதன் கை நுனிகள் சுருண்டு கிடந்தன. அன்றோடு அதை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் பிள்ளைகள் அதனருகே குந்தி, அது ஒரு சாண் தூரம் நகர எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறிக்கிறார்கள். தொடத்தான் வேண்டுமென்றால், வெயில் பூச்சு பூசாத கையை நனைத்துக்கொண்டு, அது இருக்கும் இடத்திலேயே, ஒற்றை விரலால் முதுகை ஒருமுறை தொடலாம்.

"கிளிஞ்சல் ரெண்டே ரெண்டு எடுத்துக்கலாமா? காலியாத்தானே கிடக்கு?"

எடுக்க வேண்டாம். துறவி நண்டு தன் மெல்லிய வயிற்றைக் காத்துக்கொள்ள வெற்றுச் சங்குகளையே நம்பியிருக்கிறது. வளர வளரப் பெரிய சங்குக்கு மாற வேண்டும். நாம் எடுத்துச் செல்வது அதன் அடுத்த வீடு. மேலும், இயற்கைக் காப்பகங்களில் எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். 2021 ஜூன் விடுமுறையில், வெளிநாட்டுப் பயணம் இல்லாத அந்தக் காலத்தில், சாங்கிக் கரையில் குடும்பங்கள் பெருங்கூட்டமாகக் கூடி வாளிகளில் உயிரினங்களை அள்ளிய செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். ஒவ்வொருவரும் இரண்டே இரண்டுதான் எடுத்திருப்பார்கள்.

"மழை பெய்யுது, பரீட்சை வேற. வீட்டிலேயே செய்யுற மாதிரி ஏதாவது?"

நிறைய இருக்கிறது. ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீர், மற்றொன்றில் பூந்தொட்டி மண்ணைக் கரைத்த நீர். அறையை இருட்டாக்கி, இரண்டின் பக்கத்திலும் கைவிளக்கை வைத்து, மறுபுறம் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று பாருங்கள். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு வெயில் வேண்டும். அவை சமைத்துக் கொடுக்கும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் வாழ்கிறது. கட்டுமானமும் கடல் நிரப்பலும் கிளப்பிய வண்டலால் நம் கடல் கலங்கியிருப்பதனால், சிங்கப்பூரின் பவளங்கள் பெரும்பாலும் மேற்பகுதி ஆறு, எட்டு மீட்டருக்குள்ளேயே வளர்கின்றன. அப்படிப்பட்ட கலங்கிய நீரிலும் இங்கே 250க்கு மேற்பட்ட கடினப் பவள இனங்கள் இருக்கின்றன; உலகில் உள்ளவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கலங்கிய குவளையை வைத்துக்கொண்டு இந்த எண்ணைச் சொன்னால் பிள்ளைகள் கண்களை அகல விரிப்பார்கள்.

முட்டை ஓட்டை வினிகரில் போட்டால் குமிழ் விட்டுக் கரையும். கடல் அமிலமாவதைக் காட்ட இதைச் செய்வார்கள். செய்யலாம், ஆனால் உண்மையைச் சேர்த்துச் சொல்லுங்கள்: வினிகரின் அமில அளவு (pH; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறத்தாழ 2.5, கடலின் அளவோ தொழிற்புரட்சிக்கு முன்பிருந்த 8.2இலிருந்து இப்போது 8.1 அளவுக்குத்தான் இறங்கியிருக்கிறது. கடல் வினிகராக மாறவில்லை. அந்தச் சிறு இறக்கமே ஓடு கட்டும் உயிர்களுக்குக் கூடுதல் உழைப்பைத் தருகிறது என்பதுதான் பாடம். பயமுறுத்திக் கற்பித்தது நிலைப்பதில்லை.

அடுத்தமுறை தேக்கா ஈரச்சந்தைக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். ஊசிக் கணவாய் இரண்டு வாங்கி, சமைப்பதற்கு முன் பிள்ளையின் கையில் கொடுங்கள். தலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் குடலோடு மைப்பையும் வெளியே வரும். பிறகு உடலுக்குள் விரலை விட்டால், கண்ணாடித்தாளில் வெட்டிய இறகுபோல் ஒன்று வழுக்கிக்கொண்டு வரும். அதன் முதுகுத் தாங்கல் அது. அதன் உறவான ஓட்டுக் கணவாயின் உள் ஓடுதான் சில நாட்களில் வெள்ளைப் படகுபோல் கரையில் ஒதுங்கிக் கிடப்பது. நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று விற்பதும் அதுவே. சந்தை, சமையலறை, கரை, பாட்டியின் மருந்து டப்பா எல்லாம் ஒரே உயிரில் வந்து சேர்வதைப் பிள்ளை உணரும்.

"இதையெல்லாம் தமிழ்ல சொல்ல வார்த்தையே இல்லையே? ஆங்கிலத்துலதான் வருது."

வார்த்தை இருக்கிறது, பொருளோடு சேர்த்து நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளியில் ஐந்திணை படிக்கும் பிள்ளைக்கு நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும் என்று மனப்பாடமாகத் தெரியும். ஆனால் நெய்தல் திணைக்கு உரிய புன்னை மரம் நம் பூங்காக்களிலேயே நிற்கிறது, மணலில் ஆட்டுக் குளம்புபோன்ற இலையும் ஊதாப் பூவுமாகப் படரும் அடும்பு நம் கரைகளில் இருக்கிறது, தாழையும் இருக்கிறது. பாட்டில் படித்த கொடியைக் காலடியில் கண்ட பிள்ளை அந்தச் சொல்லை மறக்காது.

சதுப்புநிலத்தில் இது இன்னும் எளிது. மூச்சுவேர்களை மேல்நோக்கி நீட்டி நிற்பது அலையாத்தி. கால்களை ஊன்றியதுபோல் வளைவேர் விட்டிருப்பது கண்டல். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே தில்லை மரம் சுங்கை பூலோவிலும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால் தொடக்கூடாது. ஐஸ் கச்சாங்கில் நாம் விரும்பி உண்ணும் அத்தாப் சீ, சதுப்புநிலத்து நீப்பா பனையின் இளங்காய். முதுகு ஓடு அடுக்கடுக்காக இருக்கும் அழுங்காமை நம் கிழக்குக் கரைகளில் இன்றும் முட்டையிடுகிறது. எங்கள் குழுவில் பிள்ளைகளுக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று பெயரையும் எழுதச் சொல்கிறோம். உபின் தீவிலும் தென் தீவுகளிலும் தலைமுறைகளாக வாழ்ந்து இந்தக் கரையை நன்கு அறிந்தவர்கள் மலாய் மக்கள். அவர்கள் வைத்த பெயரையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

"பள்ளியில கரைத் துப்புரவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மூட்டை நிறைஞ்சுது, அவன் என்ன கத்துக்கிட்டான்னு தெரியலை."

மூட்டையை நிறைப்பதோடு நிறுத்தாமல் எண்ணச் சொல்லுங்கள். அனைத்துலகக் கடலோரத் துப்புரவு சிங்கப்பூரில் 1992 முதல் நடந்துவருகிறது. அதன் சிறப்பே, பொறுக்கிய ஒவ்வொன்றையும் வகை பிரித்துத் தாளில் பதிவதுதான். வீட்டார் மட்டும் சென்றாலும் இதைச் செய்யலாம். பத்து மீட்டர் கயிற்றை அலை ஒதுக்கிய குப்பைக் கோட்டோடு நீட்டி, அதன் இருபுறமும் ஒரு மீட்டருக்குள் கிடப்பதை மட்டும் எடுத்து, உறிஞ்சுகுழல், மூடி, நுரைப்பெட்டித் துண்டு, சிகரெட் துண்டு, வலைக் கயிறு என்று பிரித்து எண்ண வேண்டும். கண்ணுக்குத் தெரியாததையும் தேடலாம்: குப்பைக் கோட்டு மணலில் ஒரு கையளவு எடுத்து, உப்பை நன்றாகக் கரைத்த நீரில் கலக்கி, மேலே மிதப்பதை வெள்ளைத் துணியில் வடிகட்டினால் வண்ண வண்ணத் துணுக்குகள் தெரியும்.

எடுக்கக் கூடாததையும் சொல்லித் தாருங்கள். பழைய சட்டையின் கழுத்துப்பட்டைபோல் வளைந்த, சாம்பல் நிற ரப்பர் போன்ற ஒன்றைப் பிள்ளைகள் குப்பை என்று நினைத்து மூட்டையில் போடுவார்கள். அது நிலா நத்தையின் முட்டைத் தொகுதி. மணலையும் தன் பசையையும் குழைத்து, இடையில் முட்டைகளை வைத்து அது செய்தது. கரையொதுங்கிய கடற்புல்லையும் அள்ள வேண்டாம். சிறு உயிர்களுக்கு அது உணவும் நிழலும் ஆகும்.

"அந்தக் குப்பையெல்லாம் பக்கத்து நாட்டுலேர்ந்து வருதாமே, அப்புறம் நாம ஏன் மெனக்கெடணும்?"

ஒரு பகுதி அப்படி வருவது உண்மை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் மிதவைக் குப்பை அதிகமாக ஒதுங்கும். ஆனால் நம் பார்பெக்யூ குழிகளுக்குப் பக்கத்தில் கிடக்கும் நெகிழித் தட்டு எந்தக் கடலையும் கடந்து வரவில்லை. முந்தைய பதிலில் சொன்ன கயிற்றுக் கணக்கில், நீர் விளிம்பில் ஒன்றும் நடைபாதை ஓரத்தில் ஒன்றுமாக எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரு பட்டியல்களுக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைக்கே விளங்கும்.

நாம் முறையாகப் போடும் குப்பையும் கடலில்தான் முடிகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அடுக்குமாடி வீட்டின் குப்பைக் குழாயில் போடுவது எரிக்கப்படுகிறது. சாம்பல் படகில் ஏற்றப்பட்டு, 1999 முதல் இயங்கும் செமகாவ் நிரப்பு நிலத்துக்குப் போகிறது. கடலுக்குள் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் அணை கட்டி உருவாக்கிய இடம் அது. 2035 அளவில் நிறைந்துவிடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளையின் வயதை 2035க்குக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

"நாமளே பூசைப் பொருளைக் கடல்ல விடுறோம். பிள்ளை கேட்டா என்ன சொல்றது?"

மழுப்பாமல் பேசலாம். சாங்கியில் முடிச்சிட்ட நெகிழிப் பைக்குள் மாலையும் மஞ்சள் துணியுமாக ஒதுங்கிக் கிடந்ததை நான் எடுத்திருக்கிறேன். அலையாத்தியின் மூச்சுவேர்களில் மாலை கட்டிய நைலான் நூல் சுற்றிக்கொண்டிருந்ததையும் அவிழ்த்திருக்கிறேன். பூ மட்கிவிடும், நூல் அப்படியே இருக்கும். கடலுக்கு நாம் அளிக்க நினைத்தது பூவைத்தான், பையை அல்ல. அஸ்தி கரைப்பதற்கு அரசாங்கம் வகுத்த இடமும் நடைமுறையும் உண்டு. அவற்றின்படி செய்து, உறைகளைத் திரும்ப எடுத்து வருவதில் பக்திக்கு எந்தக் குறையும் இல்லை.

ஊரில் மாலையை எதில் கட்டினார்கள் என்று பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள், வாழைநார் என்பார். ஒரு தொட்டி மண்ணில் வாழைநார்த் துண்டு ஒன்றையும் நைலான் நூல் துண்டு ஒன்றையும் புதைத்து, இரண்டு மாதம் தினமும் நீரூற்றித் தோண்டிப் பார்ப்பது எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த சோதனை.

"மீன் குழம்பு சாப்பிட்டுக்கிட்டே மீனைக் காப்பாத்துன்னு சொல்றது இரட்டை வேஷம் இல்லையா?"

இல்லை. கடலைச் சார்ந்து வாழ்வதும் கடலைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. பரதவர் தலைமுறைகளாக அப்படித்தான் வாழ்ந்தார்கள். எந்த மீன், எந்த அளவில், எப்படிப் பிடிக்கப்பட்டது என்று கேட்கத் தொடங்குவதே போதுமான தொடக்கம். இனப்பெருக்கம் செய்வதற்கு முன்பே பிடிக்கப்பட்ட சிறிய மீனையும் நன்கு வளர்ந்த மீனையும் சந்தைத் தட்டில் அருகருகே காட்டி விளக்குங்கள். சுறாத் துடுப்புச் சாறு பரிமாறும் விருந்தில் அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் பிள்ளைக்குக் கொடுங்கள்.

"சிங்கப்பூரே கடலை நிரப்பித்தான் பெருசாச்சு. அப்போ நாம எந்த முகத்தோட கடலைக் காப்பாத்தச் சொல்றதுன்னு என் மகன் கேட்கிறான்."

நல்ல கேள்வி, அவனைப் பாராட்டுங்கள். 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இப்போது 730க்கு மேல். அந்த நிலத்தில்தான் வீடும் விமான நிலையமும் வேலையும் கிடைத்தன. அதே நிலத்துக்கு அடியில்தான் பவளப்பாறைகளில் பெரும்பகுதி மறைந்தது. இரண்டையும் ஒன்றாகச் சொல்ல வேண்டும். இதைக் காலால் உணர வைக்க, தெலுக் ஆயர் வீதிக்கு அழைத்துச் செல்லுங்கள். 1828க்கும் 1830க்கும் இடையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா அன்று கடலைப் பார்த்தபடி நின்றது. கப்பலில் வந்திறங்கியவர்கள் சில அடிகள் நடந்து நன்றி சொல்லியிருப்பார்கள். அதன் வாசலிலிருந்து இன்றைய நீர் விளிம்பு வரை பிள்ளையை அடிகளை எண்ணிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை தவறிப்போகும் அளவுக்குத் தூரம்.

பிறகு செக் ஜாவாவைப் பற்றிச் சொல்லுங்கள். மணல், பாறை, கடற்புல், பவளத் துண்டுகள், சதுப்புக்காடு என்று பலவகை வாழிடங்கள் ஒரே இடத்தில் சந்திக்கும் அந்தக் கரையும் நிரப்பப்பட இருந்தது. ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் அங்கிருந்த உயிர்களைப் பதிவு செய்தார்கள். பொதுமக்கள் கடிதம் எழுதினார்கள். வற்றம் பார்த்துக் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள். 2001 டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தை ஒத்திவைத்தது. 2007இல் பலகைப் பாதை திறக்கப்பட்டது. ஒத்திவைத்தது என்ற சொல்லைப் பிள்ளையிடம் விளக்குங்கள். கைவிட்டது என்பது வேறு. அங்கே என்ன இருக்கிறது என்று எண்ணி எழுதியவர்கள் இருந்ததால்தான் பேச்சுக்கு ஆதாரம் கிடைத்தது. உங்கள் மகன் கையில் இருக்கும் சதுரச் சட்டத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

"எண்ணெய்க் கசிவு செய்தியைப் பார்த்ததுலேர்ந்து மகள் கடல் செத்துப்போயிடும்னு அழறா. இதெல்லாம் சொல்லியிருக்கவே கூடாதோ?"

2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல் மோதி ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கொட்டியது. செந்தோசா, லாப்ரடார், கிழக்குக் கடற்கரை, தென் தீவுகள் எனப் பல கரைகள் கறுத்தன. அதே ஆண்டில் கடல் சூடேறியதால் பவளங்களும் வெளுத்தன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிலும் அப்படி நடந்திருக்கிறது. மறைப்பதில் பயனில்லை, பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிடுகிறார்கள். அழுகையை நிறுத்தச் சொல்லாமல், அதற்குப் பின் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துப்புரவுப் பணியாளர்கள் மணலை வாரினார்கள். கரைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. வெளுத்த பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. வெப்பம் தணிந்தால் நுண்பாசிகள் திரும்பி, மீண்டும் நிறம் பெறக்கூடும். 2024 டிசம்பரில் 100,000 பவளங்களை நடும் திட்டமும் தொடங்கியது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது நெப்டியூன் கோப்பையின் கதை. சிங்கப்பூர்க் கடலிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட, பெரிய கோப்பை வடிவக் கடற்பஞ்சு அது. நூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே யாரும் உயிரோடு பார்க்காததால் அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 2011இல் நம் தென் தீவுகளுக்கு அருகே, கலங்கிய நீரில், முக்குளிப்பாளர்கள் கண்டார்கள். இதைக் கேட்ட பிறகு உங்கள் மகளை அவளுக்குப் பழக்கமான கரைக்கே அழைத்துச் சென்று, போன மாதம் எண்ணிய துளைகளை மறுபடி எண்ணச் சொல்லுங்கள். செய்தியில் பார்த்த கடலுக்குப் பதிலாக அவளுக்குத் தெரிந்த கடல் கண்முன் இருக்கும்.

"ஒரு வருஷமா மாசாமாசம் போறோம். உண்மையிலேயே கத்துக்கிட்டானா, இல்ல சும்மா பொழுதுபோக்கான்னு எப்படித் தெரியும்?"

குறிப்பேட்டைப் புரட்டுங்கள். எங்களோடு வந்த தொடக்கநிலை 4 மாணவன் ஒருவன் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது: "நண்டு 1. குப்பை நிறைய. வெயில்." பதினோராம் பக்கத்தில் எழுதியிருந்தது: "தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும் துளைகளைச் சுற்றி உருண்டைகள் குறைவு, மேலே இருக்கும் துளைகளைச் சுற்றி அதிகம். கீழே இருக்கும் நண்டு இப்போதுதான் வெளியே வந்ததா?" நான் பதில் சொல்லவில்லை. அவன் கம்பை ஊன்றிவிட்டு, இரண்டு துளைகளுக்கு நடுவில் குந்தி, எண்ணத் தொடங்கினான்.